நான் நிறுத்திய சத்தம்

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டபோது, வழக்கமான நீலத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நின்றன. ஆங்கிலத்தில் இருந்ததை மெல்ல வாசித்தேன். முன்பு இருந்த ஹார்ட் டிஸ்க்குகளில் சிலவற்றைக் காணவில்லை, தொடர்ந்தால் அவற்றில் உள்ளவை இழக்கப்படலாம், தொடர்வதற்கு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று இருந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். அதே எழுத்துகள். ஒன்பதரைக்குள் ஏழு தடவை நிறுத்திப் போட்டிருப்பேன்.

அது ஒரு நில அளவையாளரின் அலுவலகம். திருகோணமலையில், உள்துறைமுகத்துக்கு இறங்கும் தெருவொன்றில், பழைய வீடொன்றின் முன்பக்க அறைகள் இரண்டு. அங்கே நான் பதினான்கு வருடங்களாக வரைபடம் வரைகிறேன். அளவையாளரை நான் சேர் என்று கூப்பிடுவேன். அவர் காணிகளில் நின்று கருவியால் அளந்து வருவார். அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி எல்லைக்கோடுகளாக்குவது என் வேலை. ஏற்றி முடிந்ததும் அடுத்த வேலைக்காகக் கருவியின் நினைவகத்தை வெறுமையாக்கிவிடுவோம். சேர் பாரிசவாதத்தில் விழுந்து அப்போது ஆறு மாதம். வலது கை, கால் இயங்காது. பேச்சும் இல்லை. முடியாமல் கிடந்த வேலைகளை வேறு அளவையாளர்களிடம் ஒப்படைப்பதற்காக அவருடைய மனைவி, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், அலுவலகத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

அந்தக் கணினிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டுவது உள்ளே செருகியிருக்கும் ஒரு கார்ட். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் அதன் பங்கைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு போனால் எல்லாம் போய்விடும். வாங்கிய அன்றே சேர் இதை எனக்கு விளக்கியிருந்தார். கையெழுத்துப் போட்டு முடிந்த வரைபடங்களுக்கு வெளியே இன்னொரு பிரதி உண்டு. முடியாதவற்றுக்கு அந்தக் கணினியை விட்டால் வேறு இடமில்லை.

பத்து மணிக்குக் கிளிவெட்டியில் இருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கணவர் இல்லை. பக்கத்துக் காணிக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டு, கிணற்றோடு சேர்த்து இவருடைய நிலத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டான் என்று வழக்கு. வேலி நகர்வதற்கு முன்பே சேர் அந்தக் காணியை அளந்துவிட்டார். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விழுந்துவிட்டார். பிறகு எதிராளி மண் தோண்டும் மெசினைக் கொண்டுவந்து பழைய எல்லைக் கற்களையும் புளியமரத்தையும் கிளறி எறிந்திருந்தான்.

"மகள், வெள்ளிக்கிழமை கோர்ட்டால வந்து அளக்கினமாம். பழைய அளவைக் கொண்டுவந்து குடுக்கச் சொல்லி லோயர் சொன்னவர். இல்லாட்டி இப்ப நிக்கிற வேலியைத்தான் எல்லை எண்டு எழுதிப்போடுவினமாம்."

"ஓம் அம்மா."

"இருக்குத்தானே?"

"இருக்கு. வியாழக்கிழமை வாங்கோ, எடுத்து வைக்கிறன்."

அவர் பையில் இருந்து நான்கு தோடம்பழங்களை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளறையில் திரை அப்படியே நின்றது.

கொழும்பில் கணினி வேலை செய்யும் என் மச்சானுக்கு போன் பண்ணினேன். அவன் அவசரத்தில் இருந்தான். கார்டுக்குள்ளே போக ஒரு விசை இருக்கிறது, அதை அமத்து, உள்ளே போய்ப் புதிதாக அமைக்கச் சொல்லு, நான்கையும் தெரிவு செய், சரி என்று கொடு, எல்லாம் வந்துவிடும் என்றான். சொன்னபடி செய்துகொண்டு போனேன். கடைசியில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. தெரிவு செய்த டிஸ்க்குகளில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், உறுதியா என்று கேட்டது. 'ஆம்' என்ற சொல் ஏற்கெனவே தெரிவாகி, ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"மச்சான், எல்லாம் அழியும் எண்டு கேக்குது."

"அது சும்மா கேக்கிறது. குடு."

என்னால் கொடுக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுக் கணினியின் மின் வயரைச் சுவரில் இருந்து இழுத்தேன். நிலத்தில் இருந்தபடி நிறைய நேரம் அழுதேன். ஏன் அழுதேன் என்று அன்று யார் கேட்டிருந்தாலும் பயத்தில் என்றுதான் சொல்லியிருப்பேன். அது முழு உண்மை இல்லை.

உண்மை இதுதான். ஏழு மாதத்துக்கு முன்பு, சேர் இரண்டு நாள் வேலைக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கம் போயிருந்தபோது, அந்தக் கணினி கத்தத் தொடங்கியது. தீப்பற்றினால் அடிக்கும் மணியைப் போல, விடாமல், காதைத் துளைக்கிற ஒரு சத்தம். மேசைக்குக் கீழே கிடந்த பெட்டியின் முகப்பில், மூடியைத் திறந்தால் மட்டும் தெரிகிற நான்கு சிறிய விளக்குகள் உண்டு. மூன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் இருந்தன. அன்று பின்னேரத்துக்குள் ஒரு வரைபடத்தை முடிக்க வேண்டியிருந்தது. கணினி வேலை செய்தது, கோப்புகள் திறந்தன. கார்டின் அமைப்புகளுக்குள் தேடி, சத்தத்தை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். சேர் வந்ததும் சொல்வோம் என்று நினைத்தேன். அவர் வெயிலில் வாடி, சினத்தோடு வந்தார். அடுத்த நாள் சொல்வோம் என்று விட்டேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. சத்தம் இல்லாத ஒன்றை மறப்பது எவ்வளவு சுலபம்! மூன்று கிழமை கழித்துத்தான் சேர் கிளிவெட்டிக் காணியை அளந்தார். அதற்கு அடுத்த கிழமை விழுந்தார். அந்த மாதங்களெல்லாம் மூன்று டிஸ்க்குகள் நான்கின் பாரத்தைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை காலை கிண்ணியாவில் கணினித் திருத்தக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மோட்டார் சைக்கிளில் வந்தார். கணினி எழும்பவில்லை என்று நான் சொன்னதும் அன்ரிதான் யாரையோ பிடித்து அவரை வரச் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். திரையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ளுக்குப் போய் என்னத்தையும் அமத்தினீங்களா?"

"கடைசி இடம் வரைக்கும் போனனான். ஓம் எண்டு குடுக்கேல்லை."

"குடுத்திருந்தா நான் வந்திருக்கவே தேவையில்ல."

நான்கு டிஸ்க்குகளையும் வெளியே இழுப்பதற்கு முன், ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி இடத்தை எழுதினார். பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினார். செருகும் விளிம்பில் பொன்னிறமாக இருக்க வேண்டிய கோடுகளில் சில பச்சையாகி இருந்தன. அந்த அறையின் யன்னல் துறைமுகப் பக்கம். அதன் கம்பிகளே துருவில் பாதியாகிவிட்டன. கார்டில் இருந்த சிறிய பற்றரி ஊதிப் போயிருந்தது.

"உப்புக் காத்து," என்றார். "அழிறப்பர் இருக்கா?"

பென்சில் அழிக்கும் றப்பரைக் கொடுத்தேன். பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி, அந்த விளிம்பை அழுத்தாமல் துடைத்தார். டிஸ்க்குகள் செருகும் வாய்களையும் துடைத்தார். எல்லாவற்றையும் பூட்டிக் கணினியைப் போட்டார்.

எழுத்துகள் மாறியிருந்தன. நான்கு டிஸ்க்குகளும் தெரிந்தன. ஆனால் இரண்டை மட்டும் கார்ட் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டையும் 'அந்நியம்' என்று காட்டியது.

"விளங்குதா?" என்றார் நானா. "ரெண்டு விலகிப் போய்த் திரும்பி வந்திருக்கு. ரெண்டும் ஒரே நேரத்தில விலகினா ரெண்டையும் சேத்துக்கொள்ளலாம். ஒண்டு முந்தியே விலகியிருந்தா அதுக்குள்ள இருக்கிறது பழைய கதை. அதையும் சேத்தா பழசும் புதுசும் கலந்து எல்லாம் நாறிப்போகும். இதுக்கு முந்தி எப்பவாச்சும் இது கத்தினதா? பீப் எண்டு சத்தம்?"

அன்ரி கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். ஆறு மாதமாகக் கணவருக்கு உணவூட்டி, முகம் துடைத்து, இந்த அலுவலகத்தையும் இழுத்துக்கொண்டு திரிகிற மனுசி. அவருடைய கண்கள் என்மேல் இருந்தன.

"இல்லை," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லை நானா. கேக்கேல்லை."

அவர் என் சொல்லை நம்பினார். ஏன் நம்பாமல் விடுவார்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் அப்போதுதான் விலகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டையும் சேர்த்தார். கணினி எழும்பியது. நீலத் திரை வந்தது. அன்ரி "முருகா" என்றார். எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் தப்பிவிட்டது, நான் சொன்ன பொய்யும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு திரை தானாகவே கறுத்தது. டிஸ்க்கில் பிழைகள் உள்ளன, சரிபார்க்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே வரிகள் ஓடத் தொடங்கின. இன்ன எண்ணுள்ள கோப்பின் பதிவு நீக்கப்படுகிறது. இன்ன எண்ணுள்ள கோப்பின் பதிவு நீக்கப்படுகிறது. எண்கள் மட்டும் மாறிக்கொண்டு ஓடின. நானா முன்னுக்குக் குனிந்தார்.

"இது ஒரே நேரத்தில விழுந்தது இல்ல," என்றார் மெதுவாக, தனக்குத் தானே.

"கத்தினது," என்றேன்.

"என்ன?"

"கத்தினது நானா. ஏழு மாசத்துக்கு முந்தி. நான்தான் சத்தத்தை நிப்பாட்டினனான்."

அவர் என்னைத் திட்டவில்லை. எட்டிச் சுவரில் இருந்த வயரை இழுத்தார். அறை அமைதியாகியது. அன்ரி தட்டோடு ஓரடி உள்ளே வந்தார்.

"சேருக்குச் சொன்னனீயா பிள்ளை?"

"இல்லை அன்ரி."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நானா கதிரையில் இருந்தார். நெற்றியைத் தேய்த்தார். "இதை முந்தியே சொல்லியிருந்தா," என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அந்த வரிகள் எத்தனை நொடி ஓடின, எத்தனை பேருடைய காணி அதற்குள் போனது என்று எண்ணத் தொடங்கி எண்ண முடியாமல் விட்டேன்.

கடைசியில் நானா கேட்டார். "எந்த லைற் சிவப்பு?"

"மூண்டாவது."

"திரையில மூண்டா, பெட்டியில மூண்டாவதா? இந்தக் கார்ட் சைபரில இருந்து எண்ணும். பெட்டியில மூண்டாவது எண்டா திரையில ரெண்டு. இந்த ரெண்டில ஒண்டுதான் பழசு. இப்ப பிழைச்சா அதோட சரி."

பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டு விளக்குகளைப் பார்த்தேன். எல்லாம் இப்போது இருண்டு கிடந்தன. அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இடப்பக்கம் இருந்து எண்ணினேனா, வலப்பக்கம் இருந்தா? சிவப்பு ஒளி பக்கத்தில் இருந்த விளக்கின் பச்சையில் கலந்தது ஞாபகம் வந்தது. அதன் இரண்டு பக்கமும் பச்சை இருந்தது. ஓரத்தில் இருந்ததில்லை. வலது ஓரத்தில் ஒரு பச்சை தனியாக நின்றது.

"பெட்டியில மூண்டாவது. ஓரத்து விளக்கு இல்லை. நிச்சயம்."

"நிச்சயமா?"

"ஓம்."

நானா அன்று மேலே எதையும் தொடவில்லை. புதன்கிழமை பெரிய வெறும் டிஸ்க்குகளோடு வந்து, முதலில் நான்கையும் அப்படியே பிரதி எடுத்தார். காலையில் தொடங்கியது பின்னேரம்தான் முடிந்தது. அதை முதலே செய்திருக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை அவசரப்பட்டது தன்னுடைய பிழை என்றார். என் பாரத்தில் கொஞ்சத்தை எடுக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் கொடுக்கவில்லை. பிறகு மூன்றாவது டிஸ்க்கை வெளியே வைத்து, மற்ற மூன்றையும் மட்டும் சேர்த்தார். இந்தத் தடவை சரிபார்க்க விடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக வேறு டிஸ்க்குக்கு இழுத்தார்.

பெரும்பாலானவை வந்தன. நான் சொன்ன விளக்கு சரியாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த வரிகள் தொட்ட இடங்கள் செத்திருந்தன. ஏறத்தாழ முப்பது வேலைகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. கிளிவெட்டி அம்மாவின் பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்தேன். வரைபடக் கோப்பின் அளவு சைபர். பக்கத்தில் மிகச் சிறிய ஒரு கோப்பு கிடந்தது. கருவியில் இருந்து இறங்கிய வெறும் எண்கள். திறந்தபோது திறந்தது. இருபத்தாறு புள்ளிகள்.

சந்தோசப்பட நேரம் இருக்கவில்லை. புள்ளிகள் மட்டும் இருந்தால் அது காணி இல்லை. எந்தப் புள்ளி எதனோடு சேர்கிறது, எது எல்லைக் கல், எது சும்மா வழியில் நின்ற மரம் என்று தெரிய வேண்டும். சேர் எல்லாவற்றுக்கும் தன்னுடைய சொந்தக் குறியீட்டு எண்களைப் போடுவார். பாதி எனக்குத் தெரியும். மீதியை அவர் எப்போதும் பக்கத்தில் நின்று வாயால்தான் சொல்வார்.

வியாழக்கிழமை காலை கிளிவெட்டி அம்மா வந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தை நிறுத்தியதையும் சொன்னேன். அவர் வாயில் கை வைத்துக் கேட்டார். "அப்ப இருக்கு எண்டு சொன்னது?" என்றார். பெரிய தாள் ஒன்றில் இருபத்தாறு புள்ளிகளையும் அச்சடித்துச் சுருட்டி எடுத்தேன். இருவரும் ஓட்டோ பிடித்துச் சேருடைய வீட்டுக்குப் போனோம்.

சேர் யன்னலோரம் கதிரையில் இருந்தார். அன்ரி ஒரு பலகையை அவருடைய மடியில் வைத்து, தாளை விரித்து, இடது கையில் பேனையைக் கொடுத்தார். அவர் நிறைய நேரம் புள்ளிகளைப் பார்த்தார். அவருக்கு நினைவு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. டொக்டர்களும் ஒன்றும் நிச்சயமாகச் சொன்னதில்லை. பிறகு பேனை மெதுவாக ஒரு புள்ளியில் இறங்கி அடுத்த புள்ளிக்குப் போனது. கோடு நடுங்கியது, ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு புள்ளிகளை விலத்தி, தூரத்தில் இருந்த ஒன்றைத் தேடிப் போனது.

பதினேழாவது புள்ளியில் பேனை நின்றது. அவர் தலையை ஆட்டினார். முகம் சிவந்தது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

கிளிவெட்டி அம்மா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. ஆனால் புள்ளிகள் கிடந்த விதத்தில் தன் வளவைக் கண்டுகொண்டார்.

"ஐயா, இது வாசல் எண்டா, இது எங்கட கிணறல்லோ? நீங்கள் கிணத்துக் கட்டில ஏறி நிண்டு அளந்தனீங்கள். நான் வழுக்கும், இறங்குங்கோ எண்டு கத்தினனான்."

சேர் அவரைப் பார்த்தார். பேனையால் தாளில் இரண்டு தரம் தட்டினார். ஓம். கோடு கிணற்றைச் சுற்றி வெளியால் போனது. கிணறு உள்ளே.

பதினொன்றரைக்குக் கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. அன்ரி அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் குந்தி இருந்து, சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஈச்சிலம்பற்றுக்கு அவர் போயிருந்த நாள், சிவப்பு விளக்கு, பிறகு சொல்லாமல் விட்ட நாட்கள், எல்லாவற்றையும். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாங்கள் வெளிக்கிடும்வரை திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை நீதிமன்றம் அனுப்பிய அளவையாளர் அந்த எண்களை வாங்கித் தன் கருவியில் போட்டு, ஒவ்வொரு புள்ளியாக நடந்து பார்த்தார். நானும் போயிருந்தேன். ஓரிடத்தில் மண்ணைக் கிளறச் சொன்னார். ஒரு முழத்துக்குக் கீழே பழைய கல்லின் உடைந்த அடி கிடந்தது. மற்ற மூலைகளில் ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்தில்லாத அளவை அப்படியே எடுக்க ஏலாது, ஆனால் அந்தக் கல் கிடந்ததைத் தன் அறிக்கையில் எழுதுவேன் என்றார். மூன்று மாதம் கழித்து எதிராளி சமாதானத்துக்கு வந்தான். வேலி கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய், கிணறு அம்மாவுக்கே வந்தது. புளியமரம் நின்ற பின்பக்கத் துண்டு திரும்பி வரவே இல்லை. கிளிவெட்டி அம்மா அதற்குப் பிறகு என்னோடு கதைத்ததில்லை. இதெல்லாம் லோயர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மற்றவர்கள் எல்லோரையும் நானே போனில் கூப்பிட்டேன். அன்ரி அப்படித்தான் கேட்டார். "நீயே சொல்லு பிள்ளை" என்றார், அவ்வளவுதான். ஒரு நாளில் இரண்டு பேருக்கு மேல் என்னால் ஏலவில்லை. சிலர் ஏசினார்கள். ஒருவர் நேரில் வந்து மேசையில் அடித்தார். காணியைப் பிரித்துக்கொள்ள இருந்த அண்ணன் தம்பி இருவர், "கல்லு எல்லாம் அப்பிடியே கிடக்குத்தானே, திருப்பி அளப்பம், விடுங்கோ" என்று என்னை ஆறுதல்படுத்தினார்கள். அந்த போனை வைத்துவிட்டு ஏசினவர்களுக்கு அழாத அளவு அழுதேன்.

பட்டியலில் கடைசி ஆள் மூதூர்ப் பக்கத்துக் கரையோரத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் உம்மா. கடல் கரையை அரித்துக்கொண்டு வருவதால், நிலம் இருக்கும்போதே அளந்து வைக்க வேண்டும் என்று சேரிடம் வந்து அளப்பித்தவர். மகள்மாருக்குப் பிரித்து எழுத வேண்டும் என்று சொன்னது எனக்கு ஞாபகம். நான் கூப்பிட்டபோது கோழிகளின் சத்தம் கேட்டது.

"திருப்பி அளக்க ஏலும் உம்மா. வேற சேர் ஒராளை அனுப்பலாம்."

"எதை மகள் அளக்கிறது? போன மாரியோட வேலியும் போயிட்டு. இப்ப தண்ணிதான்."

பட்டியலில் அவருடைய பெயருக்கு மேல் வைத்திருந்த பேனையை மூடினேன்.

"அப்ப அந்த எழுத்து ஒண்டுமே இல்லயா?"

"இல்லை உம்மா. என்ர பிழை."

கோழிகளை யாரோ துரத்தினார்கள். மகள் வந்ததும் கதைக்கச் சொல்கிறேன் என்றார் உம்மா. ஒருவரும் கூப்பிடவில்லை. நான் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன், மணி அடித்து நின்றது.